சோத்தாங்கைத் துப்பாக்கி

ஜூன் 2, திங்கள்

இந்த நோட்டு துப்பாக்கிக்கு மட்டும். வீட்டு விஷயம், வயிற்று விஷயம், தென்னையில் வெள்ளை ஈ விழுந்த விஷயம் எதுவும் இதில் வரக் கூடாது. பட்டறை நடத்திய முப்பத்தோரு வருஷமும் வந்த மோட்டார் ஒவ்வொன்றுக்கும் கோளாறு, காரணம், வைத்தியம் என்று எழுதி வைத்தவன் நான். சூலூரில் தெய்வசிகாமணி கை வைத்த மோட்டார் திரும்பி வந்ததாக ஒருத்தன் சொல்லட்டும்.

பொருள்: பன்னிரண்டு போர் செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி. வால்பாறையில் எஸ்டேட் வைத்திருந்தவர் வீட்டிலிருந்து கடை வழியாக வாங்கியது. லைசென்ஸ் மகள் தாரணி பேரில், கூட எடுத்துச் செல்லும் ஆளாக என் பெயர். அவள் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்பில் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடுகிறாள். ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து தட்டு. ஆகஸ்டில் மாநிலப் போட்டி, ஐந்து சுற்று. நூற்று இருபத்தைந்தில் தொண்ணூறு உடைத்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம். மூன்று வருஷமாக எழுபது, எழுபத்திரண்டு, எழுபத்து நான்கு.

நேற்று கிளப்பிலிருந்து வரும்போது காரில் சொன்னாள், "அப்பா, இந்தத் தடவதான் கடைசி. ஆகலீன்னா இதைக் கடையிலயே குடுத்துட்டு காலேஜ் வேலையோட இருந்துக்கறேன்." வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மளிகைச் சாமான் சொல்கிற மாதிரி சொன்னாள்.

கோளாறு: காலித் தோட்டா வெளியே வராமல் வாயில் சிக்குகிறது. நேற்று ஒரே சுற்றில் இரண்டு தடவை.

ஜூன் 5, வியாழன்

முழுவதும் பிரித்தேன். இந்த வகைத் துப்பாக்கியின் கதை எளிது. தோட்டா வெடிக்கும்போது வரும் புகை உள்ளே ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காலித் தோட்டாவை வலப்பக்கம் துப்பிவிட்டு அடுத்ததை ஏற்றும். புகை போகிற துளையில் அடுப்புக்கரி மாதிரி அப்பியிருந்தது. இப்படி இருந்தால் எந்த இயந்திரம் வேலை செய்யும்.

சாப்பாட்டு மேசையில் பிரித்ததற்கு வசந்தாமணி ஒரு பாட்டம் பாடினாள். "ஏனுங்க, ரிட்டையர் ஆயிட்டீங்கன்னு நெனச்சா பட்டறைய சோத்து மேசைக்கு கொண்டாந்துட்டீங்களே." முப்பத்திரண்டு வருஷமாக என்னோடு இருப்பவள், காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க எனக்கும் பழகிவிட்டது.

திரும்பப் பூட்டும்போது ஸ்பிரிங் ஒன்று கையை விட்டு எகிறியது. பக்கத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த தாரணி தலையைத் தூக்காமலே அதை எட்டிப் பிடித்தாள். இடது கையில். பழைய குணம் எங்காவது எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

திரும்பவும் சிக்கியது. மூன்று தடவை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுடுகிற இடத்துக்குப் பின்னால் கயிறு கட்டி நிறுத்திவிடுகிறார்கள், அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். கிளப் செயலாளர் வந்து, "சார், மத்தவங்க கவனம் கலையுது" என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

காரணம் கிடைத்தது. பிஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் வளையம், ஓ-ரிங். வெடித்துப்போயிருந்தது. புகை அந்த வழியாக ஒழுகினால் பிஸ்டனுக்கு எங்கே வலு வரும்.

கோயமுத்தூர்க்காரனுக்கு ஓ-ரிங் ஒரு விஷயமா. பழைய டப்பாவைக் கவிழ்த்தேன். ஒன்றரைக் குதிரை சப்மெர்சிபிள் பம்பின் வளையம் அச்சாகப் பொருந்தியது. துப்பாக்கிக் கடை அமானுல்லா பாய் இதே வளையத்தை எங்கிருந்தோ வரவழைக்கப் பத்து நாள் ஆகும் என்றிருப்பார்.

வைத்தியம் முடிந்தது.

ஜூன் 15, ஞாயிறு

மூக்கு உடைந்தது. ஏழு தட்டு வரை நன்றாக ஓடியது. எட்டாவதில் அடியோடு நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் வளையம் மெதுவடை மாதிரி ஊதியிருக்கிறது. தண்ணீரில் கிடக்கப் பிறந்த ரப்பர், சூட்டையும் எண்ணெயையும் அது எங்கே கண்டது.

நேராக பாய் கடைக்குப் போனோம். அவர் வளையத்தை விரலில் மாட்டிப் பார்த்தார். "ஏண்ணே, இது கெணத்துல போடற மோட்டாரா? பாப்பா மூஞ்சிக்குப் பக்கத்துல வெடிக்கிற சாமான். இனி எதுன்னாலும் என் கடைக்குக் கொண்டாங்க. ரிப்பேருக்கு லைசென்ஸ் இருக்கறவன் கைதான் படணும், சட்டமும் அதுதான்."

தாரணி முன்னால் அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஜூன் 22, ஞாயிறு

பாய் போட்ட புது வளையம். ஐம்பது தோட்டா, ஒன்றுகூடச் சிக்கவில்லை. காலித் தோட்டா ஒவ்வொன்றும் அழகாக வலப்பக்கம் போய் விழுந்தது.

முதல் சுற்று பதினைந்து. இரண்டாவது பதினான்கு.

அதே எண்கள். சிக்கும்போதும் இதே, சிக்காதபோதும் இதே. வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. தென்னைக்குத் தண்ணீர் விட்டேன். ஏற்கனவே விட்ட மரத்துக்கே திரும்ப விட்டேன் என்று பின்னால்தான் தெரிந்தது.

ஜூன் 26, வியாழன்

கட்டைதான் கோளாறு. தோளில் வைக்கும் மரக்கட்டை. எஸ்டேட்காரர் ஆறடி இருந்திருப்பார், இவள் ஐந்தடி மூன்று அங்குலம். பெரிய ஆள் சட்டையைப் போட்டுக்கொண்டு எப்படி ஓடுவது. பாயிடம் கொண்டுபோய் ஓரங்குலம் வெட்டிக் குறைத்து ரப்பர் பட்டை வைக்கச் சொன்னேன்.

"வெட்டுனா ஒட்ட வராதுண்ணே. பாப்பா என்ன சொல்லுது?"

பாப்பா, "அப்பா சொன்னா வெட்டீருங்க" என்றாள். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத பெண். அந்த விஷயத்தில் நான் கொடுத்துவைத்தவன்.

ஜூலை 1, செவ்வாய்

மழை. ஒன்றும் செய்யவில்லை. ஆறு தடவை பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

பதினான்கு. பதின்மூன்று.

கட்டை குட்டையானதில் தூக்குவது லேசாகிவிட்டது என்கிறாள். ஆனால் தவறுகிறது. கிளப்பில் எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள், எல்லாம் தட்டுக்கு இடப்பக்கமாகவே போகிறதாம். இருபத்தைந்தில் பதினொன்று தவறினால் பதினொன்றும் இடப்பக்கம். குழல் வளைந்திருக்குமோ. வெளிச்சத்தில் காட்டி உள்ளே பார்த்தேன். தண்ணீர்க் குழாய் மாதிரி நேராக இருக்கிறது.

அவள் வலது தோள்பட்டையில் உள்ளங்கை அகலம் கன்றிப்போயிருக்கிறது. வசந்தாமணி எண்ணெய் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"துப்பாக்கி நல்லாத்தான் இருக்குதுங்ப்பா" என்றாள் தாரணி.

"அப்பறம் எதுல கோளாறு?"

தோளை மூடிக்கொண்டு எழுந்து போனாள். போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம்.

ஜூலை 9, புதன்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

குழலைச் சோதிக்கச் சொல்லி, தாரணியையும் கூட்டிக்கொண்டு பாயிடம் கொண்டுபோனேன். அவர் குழலைத் தொடவே இல்லை. "பாப்பா, ரெண்டு கையையும் நீட்டி விரலச் சேத்து ஒரு ஓட்டை பண்ணு. அந்த ஓட்டை வழியா செவுத்துக் கடிகாரத்தைப் பாரு. இப்பக் கையக் கொஞ்சங் கொஞ்சமா மூஞ்சிக்குக் கொண்டா." கை நேராக அவளுடைய இடது கண்ணுக்குப் போய் நின்றது. மூன்று தடவை செய்யச் சொன்னார். மூன்று தடவையும் இடது கண்.

"குறி பாக்கறது இடது கண்ணு. துப்பாக்கி வலது தோள்ல. இழுத்துட்டு இடப்பக்கம் போகாம எங்க போகும்? பாப்பா, உனக்கு எந்தக் கை?"

"சோத்தாங்கைதான்" என்றேன் நான்.

பாய் என்னைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எழுதுவதில் என்ன. சின்ன வயதில் அவளுக்கு ஒரட்டாங்கைப் பழக்கம் இருந்தது. ஒரு வாரம் இடது கையில் துணி சுற்றிவிட்டோம், மாறிவிட்டது. எல்லா வீட்டிலும் செய்வதுதான்.

ஜூலை 10, வியாழன்

நோட்டைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனது தப்பு. வசந்தாமணி படித்திருக்கிறாள்.

"ஒரு வாரமுங்களா?" என்றாள். கையில் கரண்டி. "எல்கேஜியில கட்டுனது, ஒண்ணாங்கிளாஸ் பாதியிலதான் அவுத்தீங்க."

நான் தலையைத் துவட்டிக்கொண்டே நின்றேன்.

"ரெண்டு வருசமுங்க" என்றாள்.

அவளுக்குத் தேதி எல்லாம் ஞாபகம் இருக்கும். எனக்கு ஞாபகம் இருப்பது அந்த ஆயுத பூஜை. பட்டறைக்கு மில்காரர் வந்திருந்தார், அப்போது என் வேலையில் பாதி அவர் மில் மோட்டார்கள்தான். பொரிப் பொட்டலத்தை எடுத்து அவருக்குக் கொடு அம்மிணி என்றேன். நாலு வயசுக் குழந்தை ஓடிப்போய் இடது கையால் நீட்டினாள். அவர் வாங்காமல் சிரித்தார். "கொளந்தைக்குக் கை பழக்கலியா தெய்வசிகாமணி?" என்றார். பட்டறைப் பையன்கள் எல்லோரும் நின்றார்கள். அன்று சாயங்காலம் கட்டினேன்.

நல்லதற்குத்தான் செய்தேன். நாளைக்கு ஒரு பந்தியில், ஒரு சம்பந்தி வீட்டில் அவள் தலைகுனியக் கூடாது என்றுதான் செய்தேன். வேண்டுமானால் கொஞ்சம் அதிக நாள் ஆகியிருக்கலாம்.

ஜூலை 13, ஞாயிறு

பாய் இரண்டு வழி சொன்னார். ஒன்று, சுடும்போது போடும் கண்ணாடியில் இடது கண்ணுக்கு நேராக ஒரு துண்டு டேப் ஒட்டி அந்தக் கண்ணை மறைத்துவிட்டு இப்போது போலவே சுடுவது. இரண்டு, துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றுவது. நாலு வாரத்தில் தோள் மாற்றுவது ஆகிற காரியமா. டேப் என்றேன். நானே அளவெடுத்து வெட்டி ஒட்டினேன்.

பதினாறு. பதினேழு. ஏறியிருக்கிறது. காரில் வரும்போது பாட்டுப் போட்டேன்.

ஜூலை 14, திங்கள்

சாப்பிடும்போது சொன்னேன், டேப்பை இன்னும் ஒரு நூல் பெரிதாக வெட்டினால் பதினெட்டு வரும் என்று.

வசந்தாமணி ரசச் சட்டியைக் கீழே வைத்தாள். "மொதல்ல கையக் கட்டுனீங்க. இப்பக் கண்ணையுங் கட்டறீங்க. அவகிட்ட உங்களுக்குப் பிடிச்சது வேற என்னதான் மிச்சமுங்க?"

சண்டையில் கத்துகிற பெண் இல்லை அவள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

தாரணி எழுந்து கை கழுவினாள். கண்ணாடியை எடுத்து வந்து, டேப்பை நகத்தால் கீறிக் கீறிப் பிய்த்தாள். ஒட்டியிருந்த பசையைச் சேலை முந்தானையால் துடைத்தாள். "நான் இந்தப் பக்கத்துல சுடறேனுங்ப்பா" என்று இடது தோளைத் தொட்டுக் காட்டினாள். இருபத்தேழு வருஷத்தில் அவள் என்னிடம் அனுமதி கேட்காமல் சொன்ன முதல் வாக்கியம் இதுவாக இருக்கும்.

ஜூலை 16, புதன்

பாய் கடை. கட்டை கொஞ்சம் வலத்தோளுக்குச் சாய்வாக இருக்கும், உள்ளே இருக்கும் தகட்டைத் திருப்பிப் போட்டால் இடத்தோளுக்குச் சாயும். சேஃப்டி பொத்தானையும் இடது கை விரலுக்குத் திருப்பினார். இருபது நிமிஷ வேலை. இரண்டுக்கும் வழி வைத்தே செய்திருக்கிறான் செய்தவன்.

ஆனால் காலித் தோட்டா வெளியே வரும் வாயை மாற்ற முடியாது. அது வலப்பக்கம்தான். இடது தோளில் வைத்தால் ஒவ்வொரு தடவையும் அவள் மூக்குக்கு முன்னால் சூடாகக் குறுக்கே பறக்கும். கண்ணாடி இல்லாமல் சுடவே கூடாது என்று பாய் அவளையே இரண்டு தடவை சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டார். "ஒலகத்துல துப்பாக்கி செய்யறவன் எல்லாம் சோத்தாங்கைக்காரன்தான் பாப்பா. நாமதான் பழகிக்கணும்."

ஜூலை 20, ஞாயிறு

ஆறு.

இருபத்தைந்தில் ஆறு. பக்கத்தில் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி பதினெட்டு உடைத்தாள். தாரணி சிரித்துக்கொண்டே வந்தாள். நான் அவளைத் தினமும் பார்ப்பவன், அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

"டேப்பே இருந்திருக்கலாம்" என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. இதை எழுதுவது, சொல்லாமல் இருந்ததற்கு ஒரு சாட்சி வேண்டும் என்பதற்காக.

ஜூலை 23, புதன்

லீவு போட்டுவிட்டுப் பழகுகிறாள். ஒன்பது. பதினொன்று. வீட்டில் காலித் துப்பாக்கியை நூறு தடவை இடது தோளுக்குத் தூக்கி இறக்குகிறாள். முதல் ஐம்பதில் தடுமாற்றம். அடுத்த ஐம்பதில் கை தானாக வந்து உட்கார்கிறது.

நான் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவினேன். போன வாரமும் கழுவியதுதான்.

ஜூலை 27, ஞாயிறு

பதினான்கு. பழைய தோளில் மூன்று வருஷம் நின்ற அதே இடம், இந்தத் தோளில் பதினோரு நாளில்.

ஒரு தகராறு. துப்பிய காலித் தோட்டா அவள் முகத்தைத் தாண்டி, பக்கத்தில் சுட நின்ற டாக்டர் ஒருவரின் கழுத்தில் போய் விழுந்தது. அவர் சத்தம் போட்டார். நியாயம்தான். வந்ததும் ஸ்டீல் பட்டையில் ஒரு சின்னத் தடுப்பு வளைத்தேன், வாய்க்கு நேராக மாட்டினால் தோட்டா பறக்காமல் அங்கேயே நிற்கும். இந்தத் தடவை என் கையால் மாட்டவில்லை. பாயிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நல்லாருக்குண்ணே" என்று அவரே மாட்டினார். அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு நாள் முழுக்க நிம்மதியாக இருந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. வசந்தாமணி நொய்யலுக்குப் போய் வந்தாள். தாரணிக்குப் பதினாறு, பதினேழு.

திரும்பும்போது காரில் பேச்சை எடுக்கப் பார்த்தேன். "அம்மிணி, அந்தக் காலத்துல..." என்று ஆரம்பித்தேன். சிக்னல் விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அப்புறம் டயரில் காற்று குறைவாக இருக்கிறதென்று சொல்லி முடித்தேன். அறுபத்து மூன்று வயதில் ஒரு வாக்கியம் வரமாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

போட்டி முடிந்தது. நேற்று மூன்று சுற்று, இன்று இரண்டு. பதினாறு, பதினேழு, பதினைந்து, பதினெட்டு, பதினேழு. கூட்டினால் எண்பத்து மூன்று. தொண்ணூறு வேண்டும்.

துப்பாக்கி ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. அதன் மேல் பழி போட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. இன்னும் இரண்டு மாதம் இருந்திருந்தால் தொண்ணூறு வந்திருக்கும், மூன்று வருஷம் இருந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று தெரியாது. அந்த மூன்று வருஷத்தை எடுத்தவன் நான். அதற்கு முன்னால் இருபது வருஷத்தையும்.

அவள் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். 

ஆகஸ்ட் 13, புதன்

மத்தியானம் பாய்க்குப் போன் செய்து, விற்பதாக இருந்தால் என்ன நடைமுறை என்று கேட்டு எழுதி வைத்தேன். அவளாகக் கேட்கும் சங்கடம் வேண்டாமே என்று.

சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்தவள் ஒரு படிவத்தை என் முன்னால் வைத்தாள். டிசம்பரில் வேறொரு போட்டி. எந்தத் தோள் என்று ஒரு கட்டம் இருந்தது. மூன்று வருஷமாக இந்தப் படிவங்களை நான்தான் நிரப்பியிருக்கிறேன், அந்தக் கட்டத்தை யோசித்ததே இல்லை. அவளே, இடது கையால், இடது என்று குறித்தாள். கையெழுத்தை மட்டும் வலது கையால் போட்டாள். லைசென்ஸில் இருப்பது அந்தக் கையெழுத்து.

"இதுதான் கடைசின்னு சொன்னியே அம்மிணி."

"அது சோத்தாங்கைக்குங்ப்பா. இந்தக் கைக்குப் போன வாரத்துதான் மொதப் போட்டி."

அப்போது வந்துவிட்டது அந்த வாக்கியம். "நான் உன்ற கையக் கட்டியிருக்கக் கூடாது" என்றேன். "தப்புப் பண்ணிட்டேன் கண்ணு." என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டிருக்கிறது.

பேனா மூடியைத் திருகினாள். "நீங்க கட்டற முடிச்சு எனக்கு இப்பவும் தெரியுங்ப்பா. மோட்டார் காயிலுக்கு நூல் கட்டற முடிச்சு. மொத வருசம் அவுக்க வராது. அப்பறம் பல்லால அவுக்கக் கத்துக்கிட்டேன். நீங்க பட்டறைக்குப் போனதும் அவுத்துருவேன்."

"அவுத்து?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். வெரல மடக்கி மடக்கிப் பாத்துட்டு உக்காந்திருப்பேன். உங்க ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் நானே கட்டிக்குவேன். அதே முடிச்சு. நீங்க ஒரு நாளும் கண்டுபிடிக்கல."

படிவத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வசந்தாமணியிடம் காப்பி கேட்கும் குரல் வந்தது.

இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தக் கட்டு தளர்ந்ததில்லை என்று பட்டறையில் எத்தனை பேரிடம் பெருமை பேசியிருப்பேன்.